இடைகழியில் ஓர் இடம்

புரட்டாசித் திங்களின் பிற்பாதியும் ஐப்பசித் திங்களின் முற்பாதியும் இணைந்து அமைவதே ஆங்கிலக் கணக்கில் அக்டோபர் மாதம் எனப்படுவது. பகலெல்லாம் புழுங்கிய வானம் மாலையில் கறுத்து இடியோடு இறங்குவதும், மறுநாட் காலையில் வாசற்கோலம் ஈரத்தில் கரைந்து கிடப்பதும் இக்காலத்தின் இயல்பு. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இம்மாதத்தின் மூன்றாம் வாரத்தையொட்டித் தமிழகத்தில் தொடங்குகிறது. ஆண்டு முழுவதும் இந்நாடு பெறும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் முடிய உள்ள மூன்று மாதங்களில் பெய்வது. ஏரியும் குளமும் நிறைவதும், சம்பாப் பயிர் தழைப்பதும் இம்மழையைப் பொறுத்தனவே. கார்முகிலைக் கண்டபோதெல்லாம் கண்ணனின் திருமேனியை நினைந்து உருகிய ஆழ்வார்கள் பிறந்த நாட்டில், முகில் சூழும் இப்பருவம் வழிபாட்டுப் பருவமாகவும் அமைந்தது பொருத்தமே.

இப்பருவத்திற்கு உரிய பெருந்திருவிழாக்கள் பல. திருமலையில் புரட்டாசிப் பிரம்மோற்சவம். திருவரங்கத்தில் ஸ்ரீரங்கநாச்சியாருக்கு நவராத்திரி உற்சவம், அதன் ஏழாம் நாளில் தாயாரின் திருவடி சேவை. விஜயதசமியன்று திவ்யதேசங்கள் பலவற்றில் பெருமாள் குதிரை வாகனத்தில் எழுந்தருளி அம்பு போடும் வைபவம். இவற்றைச் சேவிக்க ஊர்கள் திரள்கின்றன. இவற்றினூடே எண்ணில் அடங்காத சிறு கொண்டாட்டங்களும் இம்மாதத்தில் நடைபெறுகின்றன. சனிக்கிழமை மாவிளக்கு, கொலுப்படியில் கூடும் ஒரு புதுப் பொம்மை, ஆயுத பூஜையன்று சந்தனப் பொட்டு இட்ட அரிவாள்மணை, ஆழ்வார் திருநட்சத்திரத்தன்று வீட்டில் அமுது செய்விக்கும் சர்க்கரைப் பொங்கல், தீபாவளி விடியலில் மூத்தோர் இளையோர் தலையில் வைக்கும் எண்ணெய் என அவை விரியும். இவற்றுக்குக் கொடிமரம் இல்லை. அழைப்பிதழ் அச்சிடுவார் இல்லை. வீட்டாரையும் அண்டை அயலாரையும் தவிரக் காண்பாரும் இல்லை.

இங்கே ஓர் அறவினா எழுகிறது. அளவால் சிறிதான கொண்டாட்டம் மதிப்பாலும் சிறிதுதானா?

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. பண்டிகை நெருங்குந்தோறும் குறைந்த வருவாயுள்ள எத்தனையோ இல்லங்களில் எழுவது. "இருப்பது போதாது, கை நிறைந்த பின் செய்து கொள்ளலாம்" என்று ஒரு குடும்பத் தலைவன் ஒத்தி வைக்கிறான். "நாலு பேர் மெச்சச் செய்ய வேண்டாமா?" என்று மற்றொருவன் வட்டிக்குக் கடன் வாங்குகிறான். முதலாமவன் வீட்டில் விளக்கு எரியவில்லை. இரண்டாமவன் வீட்டில் விளக்கு அணைந்த பின்னும் கடன் எரிந்து கொண்டிருக்கிறது. இருவரும் வெவ்வேறு வழியில் சென்றதாகத் தோன்றினும், இருவர் கருத்தும் ஒன்றே. விழாவை அளக்கும் கோல் செலவு என்பதே அக்கருத்து. அந்தக் கோல் சரியானதா என்பதை இம்மாதத்து வழக்கங்களே காட்டித் தருகின்றன.

சொம்பு ஏந்தும் கை

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் தமிழகத்தின் பல ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. விடியலில் நீராடி, நெற்றியில் திருமண் இட்டு, நாமம் தீட்டிய சொம்பைக் கையில் ஏந்தி, கோவிந்த நாமத்தை உரக்கச் சொல்லிக்கொண்டு வீடு வீடாகச் சென்று அரிசி பெற்று வருவர். திருவேங்கடமுடையானைக் குலதெய்வமாகக் கொண்ட குடும்பங்களில் பிள்ளைகளே பெரும்பாலும் இவ்வாறு செல்வர். வந்த அரிசியைக் கொண்டு தளிகை செய்து பெருமாளுக்குப் படைத்து, பின் அனைவரும் உண்பர்.

இதில் சிந்திக்கத்தக்கது ஒன்று உண்டு. பத்தாயத்தில் நெல் நிறைந்திருக்கும் வீட்டுப் பிள்ளையும் அன்று இரந்தே ஆகவேண்டும். வீட்டில் அரிசி இல்லாமலா அவன் இரக்கிறான்? இல்லை. தன் அரிசியை மட்டும் கொண்டு படைத்தால் அது தன் குடும்பத்தின் வழிபாடாகவே நின்றுவிடும். தெருவின் அரிசி கலந்தால் அது தெருவின் வழிபாடாகிறது. கடைசி வீட்டில் தனித்து வாழும் மூதாட்டி இட்ட ஒரு பிடி அரிசி, மேல வீட்டார் இட்ட ஒரு படி அரிசியோடு ஒரே பானையில் வெந்து விடுகிறது. எது யாருடையது என்று பிரித்தறிய எவராலும் இயலாது. கொடுத்தவள் கொடுத்த அளவுக்கன்றி முழுத் தளிகைக்கும் உரியவள் ஆகிறாள்.

இரக்கும் சொம்பு இரப்பவனுக்கும் ஒரு பாடம் கற்பிக்கிறது. மூவுலகும் தனதான எம்பெருமான் மாவலியின் வேள்விச்சாலையில் குறள் உருவாய் வந்து நின்று மூவடி மண் இரந்தான். அவன் இரந்ததை எண்ணுபவன், தான் இரப்பதில் நாணமடையான்.

இதே புரட்டாசித் திருவோணத்தில், 1268ஆம் ஆண்டில், காஞ்சியின் தூப்புலில் அவதரித்தவர் வேதாந்த தேசிகர். பெரும் புலமை இருந்தும் அரசரின் செல்வத்தை நாடாமல், உஞ்சவிருத்தியாகக் கிடைத்த அரிசியைக் கொண்டே வாழ்ந்தவர் அவர். அவர் அறியாதபடி அரிசியோடு பொற்காசுகளைக் கலந்து இட்டனர் சிலர் என்றும், அவற்றைப் புழு என்று கருதி அவர் ஒதுக்கித் தள்ளினார் என்றும் பெரியோர் சொல்வர். பொன்னை இட்டவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். ஆயினும் அவர் ஏந்திய பாத்திரத்தில் அரிசிக்கு இருந்த இடம் பொன்னுக்கு இல்லை.

மண்மலர்

திருமலையைப் பற்றி வழிவழியாக வழங்கும் வரலாறு ஒன்று இவ்வினாவிற்கு இன்னும் நெருக்கமானது. குறும்பறுத்த நம்பி என்னும் குயவர், சக்கரத்தின் முன் அமர்ந்து பானை வனைவதே தொழிலாகக் கொண்டவர். மலையேறிச் சென்று வழிபட அவருக்கு ஓய்வில்லை. மலர் பறித்து வரவும் நேரமில்லை. கையில் ஒட்டியிருந்த களிமண்ணையே மலராகப் பிடித்து, இருந்த இடத்திலிருந்தே வேங்கடவனுக்குச் சாத்தினார். நாள்தோறும் பொன்மலர்களால் அருச்சித்து வந்த தொண்டைமான் சக்கரவர்த்தி, தான் இட்ட பொன்மலர்களின் மீது மண்மலர்கள் கிடக்கக் கண்டு வியந்தான் என்பது அவ்வரலாறு. வேங்கடவனுக்கு மண்ணோட்டில் தயிரன்னம் அமுது செய்விக்கும் வழக்கத்தை இந்நம்பியின் அன்போடு இணைத்துப் பேசும் அடியவர்கள் உளர்.

இவ்வரலாற்றைப் பொன் தாழ்ந்தது, மண் உயர்ந்தது என்று கொள்வது மேலோட்டமான பொருள். மன்னன் பொன் இட்டதில் பிழையில்லை. அவன் நிலைக்கு அது உரியதே. ஆயின் மன்னனின் வாழ்வில் வழிபாட்டுக்கு ஒரு தனி நேரம் இருந்தது. குயவரின் வாழ்விலோ ஒழிந்த நேரமே இல்லை. இல்லாத நேரத்தில் ஒரு நொடியைப் பிளந்து அதில் எம்பெருமானுக்கு இடம் செய்தார். ஓய்வு வந்த பின் வழிபடலாம் என்று அவர் இருந்திருப்பாரானால், மண்மலர் ஒன்றும் மலையேறியிராது.

ஆயுத பூஜை உணர்த்துவதும் இதனையே. ஆண்டு முழுதும் உழைத்த கருவிகளுக்கு அன்று ஓய்வு. எழுதுகோலும் ஏர்க்கலப்பையும், தச்சனின் உளியும் தையற்காரரின் கத்தரியும் அன்று ஒரே மரியாதையைப் பெறுகின்றன. சந்தனமும் குங்குமமும் இடப்பெறும்போது உளி பெரிதா, பேனா பெரிதா என்று எவரும் வினவுவதில்லை. மறுநாள் விஜயதசமியில் சிறு குழந்தை நெல்லின் மீது விரல் பிடித்து முதல் எழுத்தை வரைகிறது. ஒரு தட்டு நெல், ஒரு விரல், ஓர் எழுத்து. வாழ்நாள் முழுமைக்கும் உரிய கல்வி அவ்வளவு சிறிய இடத்தில் தொடங்குகிறது.

கொலுவும் இவ்வகையினதே. மூன்று படியாயினும் ஒன்பது படியாயினும், கொலுவின் உயிர் படிகளில் இல்லை, வாசற்கதவில் இருக்கிறது. அந்த ஒன்பது நாட்களும் வருபவருக்கு வெற்றிலை பாக்கும் மஞ்சளும் ஒரு கைச் சுண்டலும் உண்டு. பொம்மைகளைக் காட்டி அயலாரை வியக்க வைப்பதற்காக வைக்கப்பெற்ற கொலுவில், எளிய வீட்டுப் பெண் வாசலில் நின்று தயங்குவாள். அவள் தயங்காமல் உள்ளே வந்து ஒரு பாட்டுப் பாடிச் செல்லும் கொலுவே நிறைந்த கொலு.

மழை இரவில் மூவர்

ஐப்பசி பிறந்ததும் ஸ்ரீவைஷ்ணவ இல்லங்களில் மூன்று திருநட்சத்திரங்கள் நினைவுக்கு வருகின்றன. காஞ்சித் திருவெஃகாவில் பொய்கைத் தாமரையில் அவதரித்த பொய்கையாழ்வாருக்கு ஐப்பசித் திருவோணம். கடல்மல்லையில் குருக்கத்தி மலரில் அவதரித்த பூதத்தாழ்வாருக்கு அவிட்டம். மயிலையில் அவதரித்த பேயாழ்வாருக்குச் சதயம். அடுத்தடுத்த மூன்று நாட்கள் இவை. ஒருவரை ஒருவர் அறியாமல் ஊர் ஊராகத் திரிந்த இம்மூவரும் கூடிய இடம் தென்பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூர்.

அன்று இரவு, இருளோடு மழை. பொய்கையார் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கிப் படுத்தார். இடைகழி என்பது வாசலுக்கும் உள்வீட்டுக்கும் இடையேயுள்ள குறுகிய நடை. ஒருவர் படுக்கும் அளவே அதன் அளவு. சிறிது நேரத்தில் பூதத்தார் வந்து இடம் கேட்டார். ஒருவர் படுக்கும் இடத்தில் இருவர் அமரலாம் என்று எழுந்து அமர்ந்து இடம் தந்தார் பொய்கையார். பின்னர்ப் பேயாரும் வந்தார். இருவர் அமரும் இடத்தில் மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அதன் பின்னரே அவர்கள் நடுவே நான்காமவர் ஒருவர் புகுந்து நெருக்குவதை உணர்ந்தனர். யார் என்று காண விளக்கில்லை. முதலாமவர் பாடலால் உலகையே விளக்காக்கினார். இரண்டாமவர் அன்பை விளக்காக்கினார். அவ்வொளியில் மூன்றாமவர் திருமகளோடு கூடிய திருமாலைக் கண்டார். முதல் மூன்று திருவந்தாதிகள் அந்நெருக்கத்தில் பிறந்தன.

இவ்வரலாற்றில் எம்பெருமான் வந்த வேளையைக் கவனித்தல் வேண்டும். பொய்கையார் தனியே கால் நீட்டிப் படுத்திருந்தபோது இடம் நிறைய இருந்தது. அப்போது அவன் வரவில்லை. இருவர் வசதியாக அமர்ந்திருந்தபோதும் வரவில்லை. மூவர் தம் ஓய்வையும் உறக்கத்தையும் விட்டு, இனி இடமே இல்லை என்னும் நிலையில் நின்றபோது வந்தான். இடம் காலியாக இருந்ததால் அவன் வரவில்லை. இடம் கொடுக்கப்பட்டதால் வந்தான்.

திருக்கோவலூரில் நின்றருளும் பெருமான் திரிவிக்கிரமன். ஓரடியால் மண்ணையும் மற்றோரடியால் விண்ணையும் அளந்தவன். அளந்த அவனுக்கே இடம் போதாத ஓரிடம் அவ்வூர் இடைகழி. உலகளந்த பெருமை ஒருபுறம் இருக்க, வேதாந்த தேசிகர் அப்பெருமானைப் போற்றிய நூலுக்குத் தேஹளீச ஸ்துதி என்றே பெயர். தேஹளி என்பது இடைகழியைக் குறிக்கும் வடசொல். மூவுலகும் அளந்தவனுக்கு ஒருவர் படுக்கும் அளவுள்ள நடையே திருநாமமாயிற்று. ஸௌலப்யம் என்று ஆசாரியர்கள் பேசும் எளிமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு விடை இங்கேயே கிடைக்கிறது. விழாவை அளக்கும் கோல் செலவு அன்று, இடம். ஒரு கொண்டாட்டத்தில் பிறருக்கு எவ்வளவு இடம் தரப்பட்டதோ, அவ்வளவே அதன் அளவு. இரந்த அரிசியில் தெருவுக்கு இடம் இருந்தது. மண்மலரில், ஓய்வில்லாத நாளின் நடுவே, இறைவனுக்கு இடம் இருந்தது. திறந்த கதவுள்ள கொலுவில் தயங்கி நிற்பவளுக்கு இடம் இருந்தது.

பெருந்திருவிழாக்களுக்கும் இக்கோலே பொருந்தும். ஐப்பசி மூலத்தில் அவதரித்த மணவாள மாமுனிகள் திருவாய்மொழியின் ஈட்டுப் பொருளைத் தன் முன்னிலையில் விரித்துரைக்க வேண்டும் என்று நம்பெருமாள் திருவுள்ளம் பற்றியபோது, திருவரங்கத்தில் ஓராண்டுக் காலம் உற்சவங்கள் நிறுத்தி வைக்கப்பெற்றன என்பது வரலாறு. வாகனங்களும் வாத்தியங்களும் ஒதுங்கி நின்று ஒரு குரலுக்கு இடம் தந்தன. தான் ஒதுங்க வேண்டிய வேளையில் ஒதுங்கத் தெரிந்ததும் அத்திருவிழாக்களின் பெருமையே.

இரண்டு தடைகள்

இதனைக் கேட்போர் இரண்டு தடைகளை எழுப்பக்கூடும்.

முதலாவது, சிறிதே போதும் என்பது உலோபிக்கு ஒளிந்துகொள்ள இடமாகி விடாதா என்பது. ஆகும், செலவையே கோலாகக் கொண்டால். இடத்தைக் கோலாகக் கொண்டால் ஆகாது. குயவர் தந்த மண் சிறிது. அவருக்கு இருந்த நேரத்தில் அது பெரிது. செல்வன் தன் பிள்ளைகளுக்குப் பட்டும் பட்டாசும் குவித்துவிட்டு, வீட்டில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் குழந்தைக்குக் கிழிந்த பழந்துணியை எடுத்துக் கொடுப்பானாயின், அவன் விழா பெரிதாகத் தோன்றினும் இடமற்ற விழா. அவன் மண்மலரைக் காட்டித் தன்னைத் தேற்றிக்கொள்ள முடியாது. தரும் பொருளின் சிறுமை குற்றமன்று. தருபவன் சற்றும் நகர்ந்து உட்காராமையே குற்றம்.

இரண்டாவது தடை இதனினும் கடுமையானது. துயரம் புகுந்த வீட்டில் கொண்டாட்டத்துக்கு ஏது இடம்? உலகில் எங்கோ ஒரு வீடு அழுதுகொண்டிருக்கும்போது மற்றொரு வீடு விளக்கேற்றி மகிழ்வது முறையா?

தீபாவளியைப் பற்றி மக்கள் வழங்கும் கதை இத்தடைக்கு விடை கூறுகிறது. கண்ணன் நரகாசுரனை அழித்தான். நரகனைப் பெற்றவள் பூமிப்பிராட்டி. அவன் தீயவனே ஆயினும் தாய்க்கு மகன். அந்நாள் உலகுக்கு விடுதலை, அவளுக்கு இழப்பு. அவள், தன் மகன் மாய்ந்த நாளை உலகம் எண்ணெய் தேய்த்து நீராடி, புத்தாடை உடுத்தி, விளக்கேற்றி மகிழும் நாளாகக் கொள்ள வேண்டும் என்று வரம் கேட்டாள் என்பர். தன் துயரத்தை உலகின்மேல் சுமத்தாமல், அத்துயரத்தின் நடுவிலும் பிறர் மகிழ்ச்சிக்கு இடம் தந்த தாயின் வேண்டுகோளே தீபாவளி. எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு வீடும் அத்தாய்க்குக் கடமைப்பட்டிருக்கிறது.

அக்கடனைத் தீர்க்கும் வழியும் தமிழர் வழக்கத்திலேயே உண்டு. ஆண்டுக்குள் துக்கம் நேர்ந்த வீட்டில் பண்டிகை கொண்டாடுவதில்லை. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறுவதில்லை. ஆயினும் அவ்வீட்டுக் குழந்தைகள் பலகாரம் இன்றி இருப்பதில்லை. உறவினரும் அடுத்த வீட்டாரும் தூக்கில் போட்டுக் கொண்டுவந்து கொடுப்பர். கொடுப்பவர் உரக்கப் பேசுவதில்லை. வாசலில் நின்று கொடுத்துவிட்டுச் சென்று விடுவர். அங்கேயும் ஓர் இடைகழிதான். மகிழும் வீடு துயருறும் வீட்டுக்கும், துயருறும் வீடு மகிழும் வீட்டுக்கும் இடம் தருகின்றன. இடம் தரத் தெரிந்த மகிழ்ச்சி துயரத்துக்குப் பகையாவதில்லை.

கடன்பட்டுச் செய்யும் விழாவின் குறையும் இதனால் விளங்கும். கடன் வாங்கியவன் ஊரார் கண்ணுக்கு இடம் தந்தான். தன் வீட்டார் நிம்மதிக்கு இடம் தரவில்லை. ஒத்திவைத்தவனோ வருங்காலத்துக்கு இடம் தந்தான். இன்று கையை நீட்டி நிற்கும் தன் குழந்தைக்கு இடம் தரவில்லை. ஓர் உழக்கு அரிசியை ஊறவைத்து இடித்து, வெல்லம் கூட்டி, நடுவே குழித்து நெய்த்திரி ஏற்றினால் மாவிளக்கு ஆயிற்று. திரி மலையேறிய பின் அம்மாவே பிரசாதம். விளக்காய் இருந்ததே உணவும் ஆகும் வழிபாட்டுக்கு, வசதி வரும்வரை காத்திருக்க வேண்டிய காரணம் என்ன இருக்கிறது?

பொற்குடமும் முடவன் கையும்

ஐப்பசிக்குத் துலா மாதம் என்று பெயர். துலா என்பது தராசு. அம்மாதம் முழுவதும் காவிரியில் நீராடுதல் புண்ணியம் என்பது சான்றோர் கொள்கை. திருவரங்கத்தில் மற்ற மாதங்களில் கொள்ளிடத்திலிருந்து வெள்ளிக்குடங்களில் வரும் திருமஞ்சனத் தீர்த்தம், துலா மாதத்தில் அம்மா மண்டபம் படித்துறையிலிருந்து பொற்குடத்தில் யானைமீது எடுத்துவரப் பெறுகிறது. பரிமளரங்கனின் திருவிந்தளூரை அடுத்துள்ள மயிலாடுதுறையிலோ, மாதம் முழுவதும் மக்கள் காவிரியில் நீராடி, நவம்பர் நடுவில் வரும் கடைசி நாளைக் கடைமுகம் என்று கொண்டாடுகின்றனர்.

அத்துறையில் வழங்கும் கதை ஒன்றுண்டு. கால் வழங்காத ஒருவன் துலா நீராட்டத்துக்காக நெடுந்தொலைவிலிருந்து புறப்பட்டான். தவழ்ந்தும் நகர்ந்தும் வந்து சேர்வதற்குள் ஐப்பசி கழிந்துவிட்டது. கூட்டம் கலைந்து, படித்துறை வெறிச்சோடிக் கிடந்தது. அவன் வருந்தி நிற்க, இறைவன் இரங்கி, மறுநாள் நீராடுவோருக்கும் அதே பயன் உண்டு என்று அருளினான். அதனால் கார்த்திகை முதல் நாள் இன்றும் முடவன் முழுக்கு எனப்படுகிறது.

அவன் பொருட்டு ஐப்பசியே ஒருநாள் நகர்ந்து இடம் தந்தது. அரசனுக்காகவோ, பெரும் பண்டிதருக்காகவோ நீளாத திருநாள், கால் இல்லாத ஒருவனுக்காக நீண்டது. வந்து சேர இயலாதவரை எண்ணாமல் விழா முற்றுப்பெறுவதில்லை என்னும் நீதியை மக்கள் ஒரு நாளாகவே குறித்து வைத்துக்கொண்டனர். பொற்குடத்தில் வந்ததும் காவிரி நீர். அவன் கையால் அள்ளியதும் காவிரி நீர். தராசில் இட்டால் குடத்துப் பொன்னின் எடை தெரியும். நீரின் தூய்மை இரண்டிலும் ஒன்றே.

சந்நிதி நெருக்கம்

திருவிழாவுக்கு வரும் அடியவர் கூட்டத்தில் நெருக்கம் இல்லாமல் இராது. சேவைக்கு நிற்கும் வரிசையில் தோளோடு தோள் இடிக்கும். ஒருவர் காலை மற்றொருவர் மிதிப்பார். குழந்தையைத் தோளில் ஏந்தியவர் முன்னால் நின்று மறைப்பார். அப்போது எழும் சினம் இயற்கையே. பல நாள் சேர்த்த காசும் பல மணி நேரக் காத்திருப்பும் ஒரு நொடிச் சேவையில் முடியும்போது, அந்நொடியை அடுத்தவர் பறித்துக்கொண்டதாகத் தோன்றும்.

அவ்வேளையில் இடைகழியை நினைவுகூர்தல் நலம். ஆழ்வார்கள் நெருக்கப்பட்டபோது நெருக்குபவனைக் கடிந்து தள்ளவில்லை. யார் என்று அறிய விளக்கேற்றினர். பின்னால் நின்று தள்ளுபவர், ஒருகால், ஊருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவராக இருக்கலாம்; வாழ்நாளில் ஒருமுறையே வர வாய்த்த முதியவராக இருக்கலாம். அவருக்கு அரை அடி ஒதுங்கி நின்றவர், சந்நிதியில் ஒரு நொடியை இழக்கிறார். ஆயின் எம்பெருமான் எந்த இடத்தைத் தேடி மழையில் வந்தானோ, அந்த இடத்தை அவனுக்குச் செய்து கொடுத்து விடுகிறார்.

வர இயலாமல் வீட்டில் இருப்பவரும் உளர். நடக்கமாட்டாத தாய், நோயுற்ற தந்தை, விடுப்புக் கிடைக்காத மகன். திருவிழா கண்டு திரும்புபவர் கைப்பிடித் துளசியும் சிறிது பிரசாதமும் அவர்களுக்காக மடித்து எடுத்துச் செல்கின்றனர். முந்தானை முடிச்சில் செல்லும் அந்தத் துளசி இதழுக்குக் கொடியேற்றம் இல்லை, தேரோட்டம் இல்லை. ஆயினும் வராதவர்க்கு விழாவில் ஓர் இடம் இருந்தது என்பதைச் சொல்ல அதுவே போதும்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. இரவில் கதவு தட்டப்படும் வீடுகள் உண்டு. ஒதுங்க இடம் தேடி நிற்போரும் உண்டு. படுத்திருப்பவர் எழுந்து அமர்வாராக. அமர்ந்திருப்பவர் எழுந்து நிற்பாராக. நிற்பவர் நடுவே வந்து நிற்பவனின் திருவருள் அனைவர்க்கும் கைகூடுவதாக.